பேச்சா, வோட்டா, ரோல் க்ளைமா, பழைய பழக்கமா: மாஃபியா வகை ஆன்லைன் ஆட்டங்களில் எதை வைத்து ஆளை நம்புவது?

மாஃபியா, வேர்வுல்ஃப், அமாங் அஸ், அவலான்... எதை ஆன்லைனில் ஆடினாலும் இரண்டாவது மீட்டிங்கில் (யாரை வெளியேற்றுவது என்று கூடிப் பேசும் நேரத்தில்) அநேகமாக எல்லோரும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒருவர் பேசுவதைக் கேட்டால் அப்பழுக்கே இல்லை. ஆனால் அவர் போட்ட வோட் இடிக்கிறது. இன்னொருவர் "நான்தான் டிடெக்டிவ்" என்கிறார்; போன வாரமும் இதையே சொல்லித்தான் எல்லோரையும் கவிழ்த்தார். டைமரில் நாற்பது விநாடி மிச்சம்.

"எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள்" என்று அறிவுரை சொல்வது எளிது. எல்லாம் ஒரே ஆளைக் காட்டினால் யாருக்கும் குழப்பமே வராது. முரண்படும்போது எதற்கு முன்னுரிமை என்பதுதான் இங்கே கேள்வி.

முதலில் கணக்கு, பிறகு அளவுகோல்

1986-ல் மாஸ்கோவில் டிமிட்ரி டேவிடாஃப் உருவாக்கிய மாஃபியா ஆட்டம்தான் இவை எல்லாவற்றுக்கும் மூலம். அதன் அடிப்படை இன்றும் மாறவில்லை: உண்மை தெரிந்த சிறு கூட்டம் ஒன்று, எதுவும் தெரியாத பெரிய கூட்டம் ஒன்று. நாம் தேடுவதும் அதன் தடயத்தைத்தான். யார் எல்லாம் தெரிந்தவர் போல நடக்கிறார், யார் தெரியாமல் தடுமாறுகிறார் என்று பார்க்கிறோம்.

9 பேர் ஆடும் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2 பேர் மாஃபியா, 7 பேர் ஊர்க்காரர். அந்த 7-ல் ஒரு டிடெக்டிவ் (இரவில் ஒருவர் எந்தப் பக்கம் என்று பார்க்கலாம்), ஒரு டாக்டர் (இரவில் ஒருவரைக் காப்பாற்றலாம்). பகலில் பெரும்பான்மை வோட்டில் ஒருவர் வெளியேறுகிறார், இரவில் மாஃபியா ஒருவரைக் கொல்கிறது. இரு பக்க எண்ணிக்கையும் சமமானால் மாஃபியா ஜெயிக்கும். டாக்டர் யாரையும் காப்பாற்றவில்லை என்றால் பகல்கள் 9, 7, 5 என்று இறங்கும். முதல் இரண்டு பகலிலும் தப்பாகப் போட்டாலும் ஆட்டம் உயிரோடு இருக்கும். 5 பேர் இருக்கும் பகலிலும் தப்பாகப் போட்டால் முடிந்தது. ஆகவே இரண்டு தவறுக்கு இடம் உண்டு, மூன்றாவதுக்கு இல்லை. எந்தச் சான்றை எப்போது நம்புவது என்பதை இந்தக் கணக்கே பாதி தீர்மானித்துவிடுகிறது.

பேச்சு, வோட், ரோல் க்ளைம் (ரகசியமாகக் கிடைத்த தன் பாத்திரம் இதுதான் என்று ஒருவர் அறிவிப்பது), பழைய பழக்கம் என்ற நான்கு வழிகளையும் நான்கு கேள்விகளால் அளக்கலாம்:

1. எந்தப் பகலில் கைக்குக் கிடைக்கும்?
2. அதைப் போலியாகச் செய்ய மாஃபியாவுக்கு என்ன செலவு?
3. கணிப்பு தப்பினால் அடி யார் மேல் விழும்?
4. நமக்கு எவ்வளவு உழைப்பு?

இரண்டாவதுக்குத்தான் எடை அதிகம். காசில்லாமல் செய்யக்கூடிய நடிப்பை எல்லோரும் செய்வார்கள். கூட்டாளியை இழந்துதான் செய்ய முடியும் என்றால் மாஃபியா பத்து முறை யோசிக்கும்.

| | பேச்சு | வோட் | ரோல் க்ளைம் | பழைய பழக்கம் |
|---|---|---|---|---|
| கிடைக்கும் நேரம் | முதல் நிமிடம் | ஒருவரின் ரோலாவது வெளியான பின் | யாராவது வாயைத் திறந்தால் | ஆட்டத்துக்கு முன்பே |
| போலிக்கு ஆகும் செலவு | கிட்டத்தட்ட இல்லை | கூட்டாளியின் உயிர் | எதிர் க்ளைம் வந்தால் தன் உயிர் | கொஞ்சம் கவனம் |
| தப்பினால் அடி | புதியவர், கூச்சமுள்ளவர் | தாமதமாக வோட் போட்ட ஊர்க்காரர் | உண்மையான டிடெக்டிவ் | அன்று மனநிலை மாறியவர் |
| உழைப்பு | குறைவு | குறிப்பு எழுத வேண்டும் | கேள்வி கேட்கத் தெரிய வேண்டும் | பழைய ஆட்டங்களைப் புரட்ட வேண்டும் |

பேச்சு

முதல் பகலில் கையில் இருப்பது இது ஒன்றுதான். அதனால்தான் தகுதிக்கு மீறி இதை நம்பிவிடுகிறோம். மனிதர்கள் பொய்யை எந்த அளவுக்குக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்த்த ஆய்வுகளை உளவியலாளர்கள் சார்லஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் 2006-ல் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரியாக 54 சதவீதம்தான் சரி. நாணயத்தைச் சுண்டினாலே 50 வரும். அந்த ஆய்வுகளில் பலருக்கு முகமோ குரலோ கிடைத்தது. நமக்குப் பெரும்பாலும் சாட்டில் வரும் எழுத்து மட்டும்தான்.

பலர் சந்தேகப்படும் அறிகுறிகள் எதற்கும் ஆகாதவை. மெதுவாக டைப் செய்வது, சின்னச் சின்ன பதில், கோபம், பதற்றம் எல்லாம் இந்த ரகம். கோபத்தையே பாருங்கள்: செய்யாத குற்றத்தைச் சுமத்தினால் ஊர்க்காரருக்குத்தான் முதலில் கோபம் வரும். பதற்றம் என்றால், டிடெக்டிவ் ரோல் கையில் இருப்பவரைவிடப் பதறுகிறவர் அந்த அறையில் இருக்க மாட்டார்.

பேச்சில் உண்மையாகவே பயன்படுவது ஒன்று உண்டு. ஒருவர் கேள்வி கேட்டால், கிடைத்த பதிலை வைத்து அடுத்து என்ன செய்கிறார் என்று பாருங்கள். பழுப்பு என்ற பெயரில் ஆடுகிறவரிடம் "பழுப்பு, நீ எதுக்கு வோட்டை மாத்தின?" என்று கேட்கிறார், பழுப்பு பதில் சொல்கிறார். கேட்டவர் அதை ஏற்றாரா, மறுத்தாரா, அதனால் அவர் பட்டியல் மாறியதா? ஊர்க்காரருக்கு அந்தப் பதில் தேவை. மாஃபியாவுக்கு விடை முன்பே தெரியும். கேள்வி கேட்டதாகப் பதிவாக வேண்டும், அவ்வளவுதான். பத்துச் செய்திகளை மேலே தள்ளிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும், குரலோ முகமோ வேண்டாம்.

சந்தேகத்துக்கு எவ்வளவு எடை தருவது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. நீங்கள் ஊர்க்காரர் என்றால் மற்ற 8 பேரில் 2 பேர் மாஃபியா. ஒருவர் மேல் உள்ள சந்தேகம் 1-க்கு 3 (மாஃபியாவாக இருக்க 1 பங்கு, ஊர்க்காரராக இருக்க 3 பங்கு), அதாவது 25 சதவீதம். ஊர்க்காரரைவிட மாஃபியாவிடம் இரண்டு மடங்கு அதிகம் தெரியும் அறிகுறி ஒன்றைக் கண்டால் அது 2-க்கு 3 ஆகும், 40 சதவீதம். நல்ல அறிகுறி கிடைத்தும் அவர் ஊர்க்காரராக இருக்கவே வாய்ப்பு அதிகம். சம்பந்தமில்லாத இன்னொரு அறிகுறியும் சேர்ந்தால்தான் 4-க்கு 3, சுமார் 57. "சம்பந்தமில்லாத" என்பது முக்கியம். மெதுவாகப் பேசினார், குறைவாகப் பேசினார் என்பதை இரண்டாக எண்ணக் கூடாது, இரண்டும் ஒன்றேதான்.

இந்த வழியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு விலையும் கொடுக்கிறோம். பேச்சை வைத்தே வெளியேற்றும் குழுவில் முதல் பகலில் போகிறவர் எப்போதும் புதியவர் அல்லது கூச்சமுள்ளவர். நாலு ஆட்டம் இப்படிப் போனால் அவர் வருவதையே நிறுத்திவிடுவார். மிஞ்சுகிறவர்கள் எல்லோரும் வாய் வல்லவர்கள். அவர்களிடம் பேச்சு அறிகுறி இன்னும் குறைவாகவே வேலை செய்யும்.

வோட்

பேச்சு ஓசி. வோட் அப்படியல்ல. கூட்டாளி மாட்டும் நேரத்தில் மாஃபியா ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும், அது பதிவாகவும் செய்யும். கண்ணெதிரே ஓர் உதாரணம் பார்ப்போம்.

9 பேரும் நிறப் பெயரில் ஆடுகிறார்கள். முதல் பகல், பெரும்பான்மை 5. பச்சை மேல் நீலம், மஞ்சள், ஊதா வோட் போட்டாயிற்று. சிவப்பு மேல் பச்சை, ஆரஞ்சு, பழுப்பு. 3-க்கு 3. சிவப்பு தன் வோட்டைப் பழுப்பு மேல் வைத்திருக்கிறார். அப்போது கருப்பு வந்து பச்சை மேல் போடுகிறார், 4. அடுத்து வெள்ளை, 5. பச்சை வெளியே, பார்த்தால் ஊர்க்காரர். இரவில் ஆரஞ்சு கொல்லப்படுகிறார். இரண்டாம் பகலில் 7 பேர், பெரும்பான்மை 4. பழுப்பு, நீலம், மஞ்சள் வரிசையாகச் சிவப்பு மேல் போட, நான்காவது வோட்டை வெள்ளை வைக்கிறார். சிவப்பு வெளியே, மாஃபியா. கருப்பும் ஊதாவும் வேறு இடத்தில் வோட் வைத்திருந்தார்கள்.

சிவப்பின் ரோல் தெரிந்ததும் முதல் பகலுக்குத் திரும்ப வேண்டும். 3-க்கு 3 என்று நின்ற நொடியில் சிவப்பைக் காப்பாற்றியது யார்? கருப்பும் வெள்ளையும். வெள்ளை மறுநாள் சிவப்பை முடித்துவைக்கும் வோட்டைப் போட்டார். அது வராமல் இருந்தால் சிவப்பு தப்பியிருக்கலாம். வெள்ளையும் மாஃபியாவாக இருந்து, கூட்டாளியை மீட்க முடியாது என்று கைகழுவியிருக்கவும் கூடும், ஆனால் அதற்கு விலை அதிகம். கருப்போ இரண்டு நாளும் சிவப்புக்குச் சாதகமான பக்கமே நின்றார். அடுத்த சந்தேகம் கருப்பு, அவருக்கு அடுத்து ஊதா, பிறகு வெள்ளை. இரண்டு நாளும் சிவப்பை விடாமல் பிடித்த பழுப்பு மேல் கிட்டத்தட்ட சந்தேகமே வேண்டாம்.

கருப்பின் பேச்சு எவ்வளவு இனிமை என்று இந்தக் கணக்கில் எங்கும் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதற்குக் குறிப்பு எழுத வேண்டும், எழுதாவிட்டால் ஆகாது. ஒரு தாளில் ஒவ்வொரு பகலுக்கும் ஒரு வரிசை. வோட் வந்த வரிசையிலேயே பெயர். யாராவது வோட்டை மாற்றினால் அடித்துவிட்டு, பக்கத்தில் அந்த நேர நிலவரம், 3-3, 4-2 என்று. முடிவை மட்டும் எழுதினால் பயனில்லை; எண்ணிக்கை இழுபறியாக நின்றபோது வந்த வோட்டில்தான் செய்தி இருக்கிறது. ஏற்கெனவே பெரும்பான்மை கிடைத்த பின் ஆறாவதாக வந்து ஒட்டிக்கொள்ளும் வோட்டுக்கு மதிப்பு பூஜ்யம்.

அவலானில் பணிக்குப் போகும் அணியை ஒருவர் முன்மொழிய, எல்லோரும் அதை ஏற்கவோ நிராகரிக்கவோ வோட் போடுவார்கள். அங்கே இதே சான்று இன்னும் கூர்மையானது. 5 பேர் ஆட்டத்தில் 2 பேர் தீயவர். நீங்கள் நல்லவர், உங்களைச் சேர்க்காமல் 3 பேர் அணி முன்மொழியப்படுகிறது. மற்ற நால்வரில் இருவர் தீயவர் என்பதால் அந்த மூவரில் ஒருவராவது தீயவராக இருந்தே தீர வேண்டும். ஆகவே அணியில் இல்லாத நல்லவர் அதை நிராகரிக்க வேண்டும். அணியிலும் இல்லாமல் சம்மதமும் சொன்னவர் ஒன்று விதியை யோசிக்காதவர், இல்லை தீயவர். விலக்கு, தொடர்ந்து நான்கு நிராகரிப்புக்குப் பின் வரும் ஐந்தாவது முன்மொழிவு மட்டும்: அதையும் நிராகரித்தால் தீயவர் ஜெயித்துவிடுவார்கள் என்பதால் அங்கே நல்லவர் எல்லோரும் சம்மதிப்பார்கள்.

வோட் வழி எங்கே காலை வாரும்? முதல் பகலில் யாருடைய ரோலும் வெளியாகாததால் படிக்க ஒன்றுமில்லை. வெளியேறியவரின் ரோலைக் காட்டாத அமைப்பில் பாதி பலம் போய்விடும். அமாங் அஸில் ரகசிய வோட் அமைப்பை ஆன் செய்திருந்தால் எல்லா வோட்டும் சாம்பல் நிறத்தில் வரும். இந்த வழியே கிடையாது. அறையில் நுழைந்ததும் அமைப்புகளைப் படிப்பது அதனால்தான் முதல் வேலை. திறமையான மாஃபியா, கூட்டாளி எப்படியும் போகப்போகிறார் என்று தெரிந்தால் முதல் ஆளாக அவர் மேல் வோட் போட்டு நல்ல பெயர் வாங்கும். 2 பேர் மாஃபியா உள்ள சின்ன ஆட்டத்தில் அது பெரிய நஷ்டம். 13 பேரில் 3 பேர் என்றால் தாங்கிக்கொள்ளலாம். ஆட்டம் பெரிதாகப் பெரிதாக "கூட்டாளி மேல் வோட் போட்டார், அதனால் நல்லவர்" என்பதன் எடையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ரோல் க்ளைம்

ஒரே ஒரு டிடெக்டிவ் உள்ள ஆட்டத்தில் இருவர் "நான்தான்" என்றால் ஒருவர் பொய்யர் என்பது உறுதி. மற்ற வழிகள் சந்தேகத்தைக் கூட்டிக் குறைக்கும். இங்கே கணக்கே முடிவாகிறது. ஆனால் எப்போது வருகிறது என்பதைப் பொறுத்து அதன் விலை தலைகீழாக மாறும்.

9 பேர் இருக்கும் முதல் பகலில் இரட்டை க்ளைம் வந்தால் ஊருக்கு லாபம். ஒருவரை வெளியேற்றுகிறீர்கள், தப்பாகப் போய் உண்மையான டிடெக்டிவே போனாலும், இரவுக்குப் பின் 7 பேர் இருக்கும் பகலில் இன்னொருவரை வெளியேற்றலாம். 5 பேர் மிஞ்சும்போது மாஃபியா ஒருவர்தான். அதே இரட்டை க்ளைம், மாஃபியா இருவரும் உயிரோடு இருக்க, 5 பேர் பகலில் வந்தால் ஒரே வாய்ப்பு. தப்பினால் ஆட்டம் அங்கேயே முடிகிறது. அங்கே க்ளைமை மட்டும் நம்ப முடியாது, வோட் குறிப்பைப் புரட்ட வேண்டும்.

டிடெக்டிவ் என்று சொல்கிறவரிடம் கேட்க வேண்டியவை இரண்டு. எந்த இரவில் யாரைப் பார்த்தீர்கள்? அவரை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்? இரண்டாவது கேள்வியில்தான் போலி சறுக்கும். கதை கட்டுகிறவர் இன்று தெரிந்ததை வைத்து நேற்றைய இரவை எழுதுவார். அதனால் அவர் பட்டியல் கச்சிதமாக இருக்கும், பார்த்த ஆளெல்லாம் இன்றைக்குப் பேசப்படும் ஆளாகவே இருப்பார். உண்மையான டிடெக்டிவின் பட்டியல் கொஞ்சம் அசட்டுத்தனமாக இருக்கும்: "முதல் ராத்திரி ஒண்ணும் புரியல, அதிகமா பேசுனதால மஞ்சளைப் பாத்தேன்." பிறகு பழைய சாட்டைச் சரிபாருங்கள். மஞ்சள் ஊர்க்காரர் என்று முதல் இரவிலேயே தெரிந்திருந்தால் மறுநாள் மஞ்சள் மேல் வோட் வைத்திருக்க மாட்டார். அப்படி வைத்திருந்தால் சரியான காரணம் வேண்டும்.

க்ளைம் செய்யச் சொல்வதற்கும் விலை உண்டு. "எல்லாரும் ரோல் சொல்லுங்க" என்று முதல் பகலில் கத்துகிறவர், டிடெக்டிவும் டாக்டரும் யார் என்று மாஃபியாவுக்குப் பட்டியல் போட்டுத் தருகிறார். ஒருவர் மேல் பெரும்பான்மைக்கு ஒரு வோட் குறையும்போது மட்டும் க்ளைம் கேளுங்கள், கேட்டதும் எல்லோரும் வோட்டை அப்படியே நிறுத்திவையுங்கள். கடைசி வோட் விழுந்த பின் வரும் க்ளைமால் யாருக்கும் பயனில்லை.

ஆட்டத்தின் விதிகளும் பதிலை மாற்றும். டவுன் ஆஃப் சேலம் என்ற ஆன்லைன் ஆட்டத்தில் ஷெரிஃப் (அங்கே டிடெக்டிவ் போன்றவர்) பார்த்தாலும் மாஃபியா தலைவரான காட்ஃபாதர் சந்தேகமற்றவராகவே தெரிவார். ஃப்ரேமர் என்ற மாஃபியாக்காரர் கைவைத்த அப்பாவி குற்றவாளியாகத் தெரிவார். அங்கே "ஷெரிஃப் பார்த்துவிட்டார்" என்பது முடிவான சான்று ஆகாது.

அமாங் அஸில் க்ளைமுக்குப் பதில் கண்ணால் கண்ட சான்று. விஷுவல் டாஸ்க் (செய்வது மற்றவர் கண்ணுக்கும் தெரியும் வேலை) ஆன் ஆகியிருந்தால் மெட்பே ஸ்கேன் (மருத்துவ அறையில் உடலைப் பரிசோதிக்கும் வேலை) அசைக்க முடியாத ஆதாரம். இம்போஸ்டரால் (அங்கே மாஃபியாவின் பெயர்) அந்தப் பச்சை ஒளி வளையத்தை வரவழைக்க முடியாது. ஸ்கேனர் மேடையில் வெறுமனே நிற்பதை ஸ்கேன் என்று எண்ணிவிடாதீர்கள். வளையம் உடலைச் சுற்றி மேலும் கீழும் போக வேண்டும். "வென்ட்டில் இறங்கினதைப் பார்த்தேன்" (வென்ட் என்பது இம்போஸ்டர் ஒளிந்து போகும் காற்றுக்குழாய்) என்பது ஒரு காலத்தில் கதையை முடித்துவிடும். 2021 நவம்பரில் புதிய ரோல்கள் வந்த பின் நிலைமை வேறு: எஞ்சினியர் நல்லவராக இருந்தும் வென்ட்டில் போகலாம், ஷேப்ஷிஃப்டர் இன்னொருவர் உருவத்தில் கொல்லலாம். இந்த இரண்டு ரோலும் ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்க்காமல் கண்சாட்சியை நம்பி நல்லவரை அனுப்பிவிடுவது இன்றும் நடக்கிறது, மனசு கஷ்டமாக இருக்கிறது.

பழைய பழக்கம்

"அவன் மாஃபியான்னா அமைதியாயிடுவான்" என்று சொல்கிறவர் அவரை எத்தனை முறை மாஃபியாவாகப் பார்த்திருக்கிறார்? ஊர்க்காரராக ஆடியதை மட்டும் பார்த்திருந்தால் ஒப்பிடுவதற்கு எதிர்ப்பக்கமே இல்லை. மூன்று ஆட்டம் ஊர்க்காரராகவும் மூன்று ஆட்டம் மாஃபியாவாகவும் பார்த்திருந்தால் ஏதாவது பேசலாம். குரல் சாட்டில் பார்த்ததை எழுத்துச் சாட்டோடு ஒப்பிட வேண்டாம். தன் பழக்கத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தெரிந்த உடனே அவர் மாற்றிக்கொள்வார், அதனால் ஆட்டம் நடக்கும்போது அதை வாய்விட்டுச் சொன்னால் அடுத்த முறைக்கு உதவாது. வாராவாரம் கூடும் நிலையான குழுவுக்கு மட்டும் இது பொருந்தும். யார் யாரென்று தெரியாத பொது லாபியில் மறந்துவிடுங்கள்.

கணக்கிலேயே சேர்க்க வேண்டாதவை

"நான் மாஃபியான்னா இப்படிச் செய்வேனா?" என்ற வாதத்துக்கு எடை இல்லை, அப்படிக் கேட்கலாம் என்பதற்காகவே மாஃபியா அப்படிச் செய்யும். இரவில் யார் செத்தார், அவர் யாரைச் சந்தேகித்தார் என்பதும் அதே ரகம். ஆட்டத்துக்கு வெளியே உள்ளதை வைத்துச் சத்தியம் கேட்பதையும், ரோல் திரையின் ஸ்கிரீன்ஷாட் கேட்பதையும் அடியோடு விட்டுவிடுங்கள். ஒருவர் சத்தியம் செய்துவிட்டால் அடுத்த ஆட்டத்தில் அதை மறுப்பவர் தானாகவே மாட்டிக்கொள்வார். அதன் பின் அந்தக் குழுவில் யாராலும் மாஃபியாவாக ஆட முடியாது.

உங்கள் நிலைமைக்கு எது?

முதல் பகல், யார் ரோலும் வெளியாகவில்லை: பேச்சு, அதிலும் கேள்வி-பதில் அறிகுறி மட்டும். முடிவு தப்பாகலாம் என்று ஏற்றுக்கொண்டே போடுங்கள். உங்கள் வோட்டைத் தெளிவாக ஓர் இடத்தில் வையுங்கள். நாளை படிக்கப்போகும் ஆவணம் அதுதான்.

பொது லாபி, சாட் சூடுபிடிப்பதற்குள் மீட்டிங் முடிந்துவிடும் வேகம்: கண்சாட்சி. பேச்சுக்கு நேரமே இல்லை.

ஒரு மாஃபியா வெளியானதும்: உடனே வோட் குறிப்பு. இந்த நேரத்தில் பேச்சு வோட்டோடு முரண்பட்டால் வோட் பக்கம் போங்கள்.

எதிர் க்ளைம் இல்லாத டிடெக்டிவ்: அடுத்த பகல் வரை நம்பலாம். இரண்டு இரவு தாண்டியும் மாஃபியா அவரைத் தொடவே இல்லை, டாக்டரும் காக்கவில்லை என்றால் அவர் தந்த பெயர்களைக் குறிப்போடு ஒத்துப்பாருங்கள்.

5 பேர், 2 மாஃபியா, கடைசி வாய்ப்பு: இங்கே வெளியேற்ற 3 வோட் போதும். ஊர்க்காரர் ஒருவர் அவசரப்பட்டு இன்னொரு ஊர்க்காரர் மேல் போட்டால், மாஃபியா இருவரும் அடுத்த நொடியே சேர்ந்து எண்ணிக்கையை முடித்துவிடுவார்கள். திருத்திக்கொள்ள நேரமே கிடைக்காது. ஆகவே இந்தப் பகலில் மாஃபியாவைத் தேடுவதற்கு முன், வோட் குறிப்பில் யார் மேல் சந்தேகம் மிகக் குறைவோ அவரைக் கண்டுபிடித்து முதலில் அவரோடு சேருங்கள். ஐந்து பேரும் தங்கள் முடிவையும் காரணத்தையும் சாட்டில் எழுதி முடிக்கும் வரை யாரும் வோட் பட்டனைத் தொட வேண்டாம் என்று கேளுங்கள். எழுதி முடிப்பதற்குள் பட்டனை அழுத்துகிறவர் பெயரைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.